உப்புக்குப் பெறும் படிப்பு

மரக்காணம் உப்பளத்து வரப்பில் ஒரு பி.காம். தம்பி. நானும் பி.காம்.தான், இனம் இனத்தோடு சேர்ந்தது!

தமிழக அரசு 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் இங்கிலீஷ், கம்ப்யூட்டர் எல்லாம் கத்துக்கிட்டானாம்.

"இன்டர்வியூவுல அப்பா என்ன பண்றார்னு கேட்டாங்கண்ணே. விவசாயம்னு சொல்லிட்டேன்."

"ஏன் தம்பி?"

பதில் இல்லை. அப்பா பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தார். உப்புநீர் 25 டிகிரி பாமேயைத் தொட்டால் உப்பு விளையும்; 30-ஐத் தாண்டுமுன் வடித்துவிடணும். இல்லாவிட்டால் மெக்னீசியம் சேர்ந்து கசக்கும். மனுஷர் அதைக் கண்ணாலேயே கணக்குப் போடுகிறார்!

"இதுக்குப் பேர்தான் குவாலிட்டி கன்ட்ரோல். அடுத்த இன்டர்வியூவுல இதைச் சொல்லு. நம்ம ரெண்டு பேர்கிட்டயும் ஆளுக்கு ஒரு டிகிரி, அவர்கிட்ட 25!"

தம்பி மெல்ல பாத்தியில் இறங்கினான். "எப்படிப்பா கண்டுபுடிக்கிற?"

அந்த அப்பா முகத்தைப் பார்க்கணுமே!