அல்சூரின் காகிதங்கள் எங்கே இருக்கின்றன?

அல்சூரில் பிறந்து வளர்ந்த ஒரு தமிழர், தம் பாட்டனார் காலத்துத் தெருவைப் பற்றிய அரசுக் கோப்புகளைத் தேடப் புறப்பட்டால் முதலில் எங்கே செல்ல வேண்டும்? விதான சௌதாவிலுள்ள கர்நாடக அரசு ஆவணக் காப்பகத்துக்கு என்றே பெரும்பாலோர் சொல்வர். அது விடையின் ஒரு பகுதி மட்டுமே.

பெங்களூர்த் தண்டு 1809இல் உருவானது. 1881இல் மைசூர் நாடு உடையார் அரச குடும்பத்திடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டபோதும் தண்டுப் பகுதியை ஆங்கிலேயர் தம் ஆளுகையிலேயே வைத்துக்கொண்டனர். 1947 வரை அந்நிலை நீடித்தது. அல்சூர்வாசி மைசூர் மண்ணில் நின்றார். ஆனால் அவருடைய மனு ஆங்கிலேய ரெசிடெண்டின் அலுவலகத்துக்குப் போயிற்று. ஆகவே ரெசிடென்சியின் கோப்புகளைப் படிக்க இன்று புதுதில்லியிலுள்ள இந்திய தேசிய ஆவணக் காப்பகத்துக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. சென்னை மாகாணத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்துக்கு எழும்பூர்; இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட படிகளுக்கு லண்டனிலுள்ள பிரித்தானிய நூலகம். ஓர் ஏரிக்கரைக் குடியிருப்பின் வரலாறு நான்கு நகரங்களில் பிரிந்து கிடக்கிறது.

இதில் குழப்பம் எதுவும் இல்லை. ஆவணவியலின் அடிப்படை நெறியே இதற்குக் காரணம். ஆவணங்கள் பொருள்வாரியாகவோ ஊர்வாரியாகவோ அடுக்கப்படுவதில்லை. அவற்றை உருவாக்கிய அலுவலகத்தின் வரிசையிலேயே பாதுகாக்கப்படுகின்றன. யார் எழுதினார், யாருக்கு, எந்த அதிகாரத்தில் என்ற தொடர்பு அறுந்துவிட்டால் தாள் எஞ்சும், சான்று எஞ்சாது. எனவே காப்பகத்துக்குள் நுழைபவர் தம் ஊரை அறிந்திருந்தால் மட்டும் போதாது. அவ்வூரை ஆண்ட அலுவலகத்தையும் அறிந்திருக்க வேண்டும்.

மொழியியல் படித்தவள் என்பதால் என்னை ஈர்த்தது இன்னொன்று. எங்கள் வீட்டு முதியோர் இன்றும் 'தண்டு' என்றே சொல்கின்றனர். தமிழிலும் கன்னடத்திலும் படையைக் குறிக்கும் சொல் அது. காப்பகப் பட்டியலில் அச்சொல்லைத் தேடிப் பயனில்லை. அங்கே அது 'சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷன்'. எங்கள் ஊரின் பெயரையும் உல்சூர், அல்சூர், ஹல்சூர் என ஆங்கில எழுத்துக்கூட்டல்கள் பலவற்றில் தேட வேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கூட்டலும் வெவ்வேறு கோப்புகளைக் கொண்டுவந்து தரும். பட்டியல் பேசுவது ஆண்டவரின் மொழி. ஆளப்பட்டவரின் சொல்லை அதனோடு பொருத்துவது ஆய்வாளரின் வேலை.

அந்த வேலைக்குப் பயன் உண்டு. எங்கள் குடும்பத்தில் 'பிளேக் வருஷம்' என்றொரு காலக்கணக்கு வழங்குகிறது. இன்னார் பிளேக் வருஷத்துக்கு முன் பிறந்தவர், இன்னார் பின் பிறந்தவர் என்பார்கள். பெங்களூரைப் பிளேக் தாக்கியது 1898இல். நெரிசலான குடியிருப்புகளை அகற்றியதும், பின்னர்ப் புதிய விரிவாக்கப் பகுதிகள் எழுந்ததும் அரசு நடவடிக்கைகள். அவற்றுக்குக் கோப்புகள் உண்டு. பாட்டியின் நினைவு, தேதியும் கையொப்பமும் உள்ள ஒரு தாளோடு சேரும்போது குடும்பக் கதை நகர வரலாறாகிறது. எழுதப் படிக்கத் தெரியாத எம் முன்னோர் அத்தாள்களில் பேசுவது பிறர் மொழியில், பிறர் கையெழுத்தில்தான். ஆயினும் அவர்கள் அங்கே இருந்தனர் என்பதற்கு அதைவிட வலிய சான்று வேறில்லை.

தேசிய ஆவணக் காப்பகம் 1891 மார்ச் 11 அன்று கல்கத்தாவில் 'இம்பீரியல் ரெக்கார்டு டிபார்ட்மெண்ட்' என்ற பெயரில் தொடங்கியது. காலனி அரசு தன் நிர்வாக வசதிக்காக அமைத்த அக்கிடங்கில் இன்று ஆளப்பட்டவரின் கொள்ளுப்பேத்தி அமர்ந்து படிக்க முடிகிறது. அதை நான் எளிதாக எடுத்துக்கொள்வதில்லை.

நம் காலத்தின் காகிதங்களை நினைக்கும்போதுதான் கவலை வருகிறது. 1993ஆம் ஆண்டுப் பொது ஆவணங்கள் சட்டம், 1892க்கு முன் உருவான ஆவணங்களை, சிதைந்து பயனற்றுப் போனாலன்றி, அழிக்கக் கூடாது என்கிறது. விதியை மீறி அழிப்போருக்கு ஐந்தாண்டு வரை சிறை உண்டு. ஆனால் கோப்புகளைக் காப்பகத்துக்கு அனுப்பாமலே வைத்திருக்கும் துறைக்கு அச்சட்டத்தில் தண்டனை இல்லை. விளைவை 2022 டிசம்பரில் அப்போதைய தலைமை இயக்குநர் சந்தன் சின்ஹாவே வெளிப்படையாகக் கூறினார்: 1962, 1965, 1971 போர்கள் பற்றிய ஆவணங்களும் பசுமைப் புரட்சி பற்றிய ஆவணங்களும் காப்பகத்தில் இல்லை. மத்திய அரசின் 151 அமைச்சகங்கள், துறைகளில் 64 அமைப்புகளின் ஆவணங்களே அங்கு வந்து சேர்ந்திருந்தன.

1898இன் அல்சூரைப் பற்றி ஓர் அயல் அரசு விட்டுச் சென்ற தாள்கள் நமக்குக் கிடைக்கின்றன. 1971ஐப் பற்றி நம் அரசே எழுதிய தாள்கள் கிடைக்கவில்லை. நூறாண்டு கழித்து நம் தெருக்களைத் தேடி வரும் ஆய்வாளருக்கு எது கிடைக்கும்?

ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். தலைப்பை முடிவு செய்யும் முன் ஒரு வாரமேனும் காப்பகத்தில் செலவிடுங்கள். உங்கள் ஊரிலுள்ள சங்கம், கோயில், பள்ளி ஆகியவற்றின் பழைய கணக்குப் புத்தகங்களும் கூட்டக் குறிப்பேடுகளும் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று கேட்டு வையுங்கள். மேற்சொன்ன சட்டம் அந்த அலமாரிகள் வரை வருவதில்லை. அவற்றை அடுத்த மழைக்கு முன் யாரேனும் திறந்து பார்க்க வேண்டும்.