அப்பாவுக்குக் கேட்காத சில்வண்டு

ரைஃபிளைத் தோளில் அழுத்தி, மூச்சை அடக்கி, ட்ரிக்கரை இழுத்த அந்த விநாடி வரைக்கும் நான் ஹீரோதான்!

செகண்ட் இயர் என்.சி.சி. கேம்ப். .22 ரைஃபிள், ஆளுக்கு அஞ்சு ரவுண்டு. தரையில் குப்புறப் படுத்தபடி வரிசையாக எட்டு பேர். "காதுல வைக்க ஏதாச்சும் தருவாங்களாடா?" என்று பக்கத்தில் இருந்தவன் கேட்க, "ஏன், காது குத்தவா வந்திருக்க?" என்று ஒரு சீனியர் கமென்ட் அடித்தார். மொத்த வரிசையும் சிரித்தது. நானும்தான். கேட்டவன் மட்டும் வெட்கப்படாமல் கொஞ்சம் பஞ்சைப் பிய்த்துக் காதில் திணித்துக்கொண்டான்.

அஞ்சில் நாலு குண்டு ஒரே இடத்தில் விழுந்திருந்தது. சார் ஏதோ பாராட்டினார். என்ன சொன்னார் என்றுதான் தெரியவில்லை! இடது காதில் 'கொய்ங்ங்ங்...'

ராத்திரி படுத்தால், சில்வண்டு ஒன்று காதுக்குள்ளேயே குடியேறிவிட்ட மாதிரி அதே சத்தம். வீட்டிலிருந்து போன். பழக்க தோஷத்தில் இடது காதில் வைத்தேன். "ஆங்? என்னம்மா? சத்தமாப் பேசு!" என்று மூணாவது தடவை கத்தியபோது, அந்தப் பக்கம் அம்மா சிரித்தார். "அப்படியே உங்கப்பனாட்டம் பேசற கண்ணு!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பா குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறவர். பதினெட்டு வயதில் தறிப்பட்டறைக்குள் போனவர், இருபத்தெட்டு வருஷமாக அங்கேதான். நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துக்கொண்டே இருக்கும் சத்தத்தில், பக்கத்துத் தறிக்காரரிடம் பேச வாய் தேவையில்லை. கை ஜாடையும் உதட்டசைவும் போதும். சின்ன வயசில் அதை நான் ஏதோ ரகசிய பாஷை என்று நினைத்து ரசித்திருக்கிறேன்.

காலேஜ் அட்மிஷன் அன்றைக்கு ரசிக்க முடியவில்லை. கவுன்டரில் இருந்த மேடம் கேட்டது ஒன்று, அப்பா சொன்ன பதில் வேறொன்று. பின்னால் நின்ற பசங்க கொல்லென்று சிரித்தார்கள். "அப்பா, நீங்க சும்மா இருங்க, நான் பேசிக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். அவருக்கு அது மட்டும் தெளிவாகக் கேட்டிருக்கிறது. அதற்கப்புறம் அவர் என் காலேஜ் பக்கம் வரவே இல்லை.

என் காதில் இருந்த சில்வண்டு மூணாம் நாள் போய்விட்டது. ஆனால், அந்த மூணு நாளில் நான் தேடிப் படித்தது போகவில்லை. நம் உள்காதில், நத்தைக்கூடு மாதிரி இருக்கும் காக்ளியாவில், சத்தத்தைப் பிடித்து மூளைக்கு அனுப்ப சுமார் 15 ஆயிரம் மயிர்ச் செல்கள் இருக்கின்றன. செத்தால் திரும்ப முளைக்காது. தலைமுடி போனாலாவது விக் இருக்கிறது பாஸ்!

85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், அதுதான் எல்லை என்கிறது அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிவிடும். 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2. இப்படியே போனால் 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான். தறிப்பட்டறை சத்தம் அந்த நூறை ஒட்டித்தான் இருக்கும். அப்பாவின் ஷிஃப்ட்டோ 12 மணி நேரம்!

துப்பாக்கிக்கு அந்தக் கணக்குகூட இல்லை. .22 ரைஃபிளே 140 டெசிபலைத் தொடும். ராணுவ ரைஃபிள்கள் 150-ஐ சாதாரணமாகத் தாண்டும். ஒரே ஒரு குண்டு போதும், காதைக் கெடுக்க. வலது தோளில் வைத்துச் சுடும்போது இடது காதுதான் குழல் வாய்க்குக் கிட்டே இருக்கும். வலது காதைத் தலையே கொஞ்சம் மறைத்துவிடும். எனக்கு ஏன் இடது காது மட்டும் பாடியது என்று அப்போதுதான் புரிந்தது. கூடவே இன்னொன்று... பஞ்சு வைத்தவனுக்கும் பெரிய லாபமில்லை. பஞ்சு சத்தத்தை ஒப்புக்குத்தான் தடுக்கும்.

அடுத்த லீவில் அப்பாவை காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். ஆடியோகிராம் எடுத்தார்கள். ஆரம்பத்தில் சுமாராகப் போன கோடு, 4000 ஹெர்ட்ஸ் பக்கம் போனதும் தொபுக்கடீர் என்று பள்ளத்தில் விழுந்திருந்தது. "சத்தத்தால கெட்ட காது முதல்ல இங்கதான் அடிவாங்கும். 'ச', 'த' மாதிரி எழுத்துங்க, குழந்தைங்க குரல், கீச்சுனு வர்ற சத்தமெல்லாம் முதல்ல போயிடும். பேசறது கேட்கும், ஆனா என்ன வார்த்தைன்னு புரியாது" என்றார் டாக்டர். கவுன்டர் மேடத்தின் கீச்சுக்குரல் ஞாபகம் வந்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

காது மெஷின் வைத்தால் பேச்சு கேட்க உதவும், ஆனால் போன செல் போனதுதான். மிச்சத்தையாவது காப்பாத்துங்க என்று சொல்லி அனுப்பினார்.

அன்றைக்கு ராத்திரி வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தோம். அப்பா திடீரென்று சொன்னார்... "முன்னெல்லாம் இந்நேரத்துக்கு சில்வண்டு காதைக் கிழிக்கும் சாமி. மருந்தடிச்சு மருந்தடிச்சு ஒண்ணுகூட இல்லாமப் போச்சு."

சுற்றிலும் நூறு சில்வண்டு கத்திக்கொண்டிருந்தது. நான் "ஆமாங்கப்பா" என்றேன். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாள் ஈரோட்டில் ஃபோம் இயர்பிளக் வாங்கினேன். டீ, பஜ்ஜி செலவுதான். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "தறி சத்தம் கேட்டாத்தான் நாடா நின்னது, இழை அறுந்தது தெரியும்." நியாயமான கேள்விதான்! "இது சத்தத்தை நிறுத்தாதுங்கப்பா, டி.வி. வால்யூமைக் குறைக்கற மாதிரிதான். போட்டுத்தான் பாருங்களேன்" என்று போடுகிற முறையைக் காட்டினேன். விரலில் உருட்டி மெல்லிசாக்கணும். இன்னொரு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதை மேலாக இழுத்துப் பிடிச்சு உள்ளே விடணும். அரை நிமிஷம் விரலை எடுக்காமல் அழுத்தணும், அது உப்பி அடைக்கிற வரைக்கும். நுனியில் தொங்கினால் பிரயோஜனமே இல்லை.

பத்து நாள் கழித்து போனில் சொன்னார், "ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா தலை பாரமா இருக்கும்ல, அது இல்ல சாமி. இன்னும் ரெண்டு ஜோடி வாங்கியா, பக்கத்துத் தறிக்காரன் கேட்கறான்."

இந்த வருஷ கேம்ப்பில் சீனியர் நான். ஃபயரிங்குக்கு முன்னால் ஜூனியர்களுக்கு இயர்பிளக் கொடுத்தேன். ரேஞ்சில் நின்ற சார் முறைத்தார். "நாங்கள்லாம் இதைப் போட்டா சுட்டோம்?" என்றார். "உங்களுக்கு ஒண்ணு வேணுமா சார்?" என்றேன்.

"என்னது?" என்றார், காதைத் திருப்பி.

மறுபடி சத்தமாகக் கேட்டேன். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தவர், கையை நீட்டினார்.

ஃப்ரெண்ட்ஸ்... துப்பாக்கி தொடாதவரா நீங்கள்? கல்ச்சுரல்ஸ் டி.ஜே. ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்கிறவரா? இசை நிகழ்ச்சிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சொன்ன உச்சவரம்பு, சராசரியாக 100 டெசிபல். வீட்டுக்கு வந்தும் காதில் 'கொய்ங்' கேட்டால் அது ஜாலி அல்ல, எச்சரிக்கை.

அடுத்த மாசம் எங்கள் டிபார்ட்மென்ட்டில் பேரன்ட்ஸ் மீட்டிங். அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறேன். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். இந்த முறை, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து நிதானமாகப் பேசப்போகிறேன்.