சூடு ஆறும் வரை

பழைய கார்களுக்கென்றே ஒரு நோய் உண்டு. காலையில் முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தடையின்றி ஓடும். வழியில் நிறுத்திக் கால்மணி நேரத்தில் ஒரு வேலையை முடித்துத் திரும்பினால், செல்ஃப் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும், எஞ்சின் பிடிக்காது. ஒன்றரை மணி நேரம் கழித்து, எதுவுமே நடவாததுபோல் கிளம்பிவிடும். மறுநாள் பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கும் உடனே கிளம்பி, நம் சொல்லைப் பொய்யாக்கும். சூட்டில் மட்டும் வரும் நோயைச் சூடாக இருக்கும்போதுதான் தேட வேண்டும்.

எங்கள் வீட்டில் அப்படியொரு கார் இருக்கிறது. 1995 டிசம்பரில் அப்பா வாங்கியது, கார்புரேட்டர் வைத்தது. அண்ணனும் தம்பியுமாக நாங்கள் இருவரும் மாறி மாறி அதை ஓட்டுகிறோம். அப்பாவுக்கு இப்போது எண்பத்தொரு வயது. வாரம் இருமுறை டயாலிசிஸ். நான்கு மணி நேரச் சிகிச்சை முடிந்து, நண்பகல் வெயிலில் கைத்தாங்கலாக அழைத்துவந்து பின்னிருக்கையில் அவரைப் படுக்கவைப்போம். பாளையங்கோட்டையில் மருந்துக்கடை ஒன்றில் ஊசிமருந்து வாங்க நிறுத்த வேண்டும். இருமுறை கார் அங்கேதான் கிளம்ப மறுத்தது. இரண்டாம் முறை ஆட்டோவுக்கு மாற்றி ஏற்றுவதற்குள் அவர் முகம் வெளிறிப்போயிற்று. காரை விற்றுவிடுவதா, நோயைக் கண்டறிவதா என்று அன்றிரவு நெடுநேரம் பேசினோம். படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்த அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனமே கண்டறியும் பக்கம் எங்களைத் தள்ளியது.

எஞ்சினை நிறுத்தியவுடன் அது குளிரத் தொடங்கும் என்றுதான் தோன்றும். நடப்பது வேறு. ஓடும்வரை ரேடியேட்டர் நீரும் விசிறிக் காற்றும் சூட்டை அள்ளிக்கொண்டு போகின்றன. நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிட, இரும்பில் தேங்கிய சூடு மெல்ல வெளியேறிப் பானெட்டுக்குள் பரவுகிறது. ஆகவே முதல் இருபது நிமிடங்களில் கார்புரேட்டரும் பெட்ரோல் குழாய்களும், ஓடும்போது இருந்ததைவிட அதிகமாகச் சூடேறுகின்றன. பெட்ரோலில் உள்ள இலேசான கூறுகளோ ஏறத்தாழ 35 டிகிரி செல்சியசிலேயே கொதிக்கத் தொடங்குபவை. பின்னாளில் வந்த இன்ஜெக்‌ஷன் கார்களில் பெட்ரோல் அழுத்தத்தில் அடைபட்டிருப்பதால் அவ்வளவு எளிதில் கொதிப்பதில்லை; கார்புரேட்டருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

கொதித்தால் இரண்டில் ஒன்று நேரலாம். குழாயிலோ பம்பிலோ ஆவி அடைத்துக்கொண்டு எஞ்சினுக்குப் பெட்ரோலே போகாமலிருக்கலாம். அம்பாசிடர், பத்மினி ஓட்டிய டாக்சிக்காரர்கள் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றியது இதற்காகத்தான். அல்லது கார்புரேட்டர் தொட்டியிலுள்ள பெட்ரோல் பொங்கி உள்ளே வழிந்து, எஞ்சின் பெட்ரோலில் மூழ்கிப்போகலாம். ஒன்று பட்டினி, மற்றது அஜீரணம். வெளியே தெரியும் குறி இரண்டுக்கும் ஒன்றே; மருந்தோ நேர் எதிர். மூழ்கிய எஞ்சினுக்குச் சோக்கை இழுப்பது, அஜீரணக்காரருக்கு மேலும் ஒரு பிடி சோறு ஊட்டுவதற்கு ஒப்பாகும்.

இலக்கியம் கற்பிக்கும் எங்களுக்கு இது புதிய சிக்கலன்று. ஏட்டுச்சுவடியில் ஓரடி தளை தட்டினால், எழுதியவர் ஒரு சீரை விட்டிருக்கலாம். இல்லாத ஒன்றைச் சேர்த்துமிருக்கலாம். எது என்று தெளியாமல் திருத்தப் புகுந்தால் பாட்டே கெட்டுவிடும்.

எனவே ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வந்தோம். ஒரு விடுமுறை நாளில், அப்பாவை வீட்டில் விட்டுவிட்டு, அதே வழியில் ஓட்டிப்போய் நிழலான ஓரிடத்தில் நிறுத்திக் காத்திருந்தோம். ஐந்து நிமிடத்தில் கிளம்பியது. இருபதாம் நிமிடத்தில் மறுத்தது. செல்ஃப் வழக்கமான வேகத்திலேயே சுற்றியதால் பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் குற்றமற்றவை. அடுத்து இக்னிஷன் காயில். சூடேறினால் சில காயில்கள் பொறி தருவதை நிறுத்திவிடும். ஒரு ப்ளக்கைக் கழற்றி, கார்புரேட்டருக்கு எட்டத் தள்ளி எஞ்சின் இரும்பில் படும்படி வைத்துச் சுற்றிப் பார்த்ததில் நீலப்பொறி நன்றாகவே வந்தது. (பெட்ரோல் வாடை அடிக்கும் இடத்தில் இதைச் செய்யலாகாது, பழகிய மெக்கானிக் உடனிருப்பது நலம்.) கடைசியில் அந்தப் ப்ளக்கே விடை சொன்னது. நுனி கறுத்து நனைந்திருந்தது. உலர்ந்திருந்தால் பட்டினி; நனைந்திருந்ததால் அஜீரணம்.

குறிப்புகளோடு போனபோது மெக்கானிக் இம்முறை மறுப்பேதும் சொல்லவில்லை. கார்புரேட்டரைக் கழற்றினார். அடியில், எஞ்சினின் சூடு மேலேறாதபடி தடித்த பேக்கலைட் தகடு ஒன்று இருக்க வேண்டும். எப்போதோ நடந்த பழுதுபார்ப்பில் அதை எடுத்துவிட்டு வெறும் காகிதப் பேக்கிங்கை வைத்திருந்தார்கள். தகட்டைத் தேடிப் பிடித்துப் பொருத்தினார். தொட்டியில் பெட்ரோல் நிற்கும் மட்டத்தைச் சற்றே குறைத்தார். பிசுபிசுத்துப்போயிருந்த ரப்பர் குழாய்களையும் மாற்றினார். 2025 முதல் நாடெங்கும் பரவிவிட்ட 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பருக்கு ஆகாது என்பது அவர் கருத்து. எல்லாம் சேர்த்து ஒரு முறை டயாலிசிஸுக்குப் போய்வரும் ஆட்டோச் செலவைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவே. ஒரு வழியும் சொல்லித் தந்தார்: சூட்டில் மறுத்தால் சோக்கைத் தொடாமல், ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்து அப்படியே வைத்துக்கொண்டு செல்ஃபைச் சுற்ற வேண்டும். காற்று மிகுதியாகப் போய்த் தேங்கிய பெட்ரோலை வெளியேற்றிவிடும். விட்டு விட்டு மிதித்தால் ஒவ்வொரு மிதிக்கும் மேலும் பெட்ரோல் பீய்ச்சப்படும்.

இருபது ஆண்டு கடந்த கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்டில் 5,000 ரூபாயிலிருந்து 10,000 ஆயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் எங்கள் காருக்கு அதைக் கட்டினோம். இந்தத் தொகைக்கு இந்தக் கார் தகுமா என்று சிலர் கேட்டார்கள். கணக்குப் பார்த்தால் தகாது.

பட்டறையில் நடந்ததை அப்பாவிடம் விரிவாகச் சொன்னோம். கேட்டு முடித்து, "அதுக்குத்தாம்ல நான் டீக்கடையில நிப்பாட்டுனா பானெட்டத் தூக்கி வைப்பேன்" என்றார். குற்றாலம் போகும் வழியெல்லாம் அவர் அப்படிச் செய்ததை நாங்கள் சிறுவயதில் பார்த்திருக்கிறோம். அதை ஒரு கௌரவம் என்றே எண்ணியிருந்தோம். இப்போது மருந்துக்கடை வாசலில் நிற்கும்போதெல்லாம், தேவையில்லை என்று தெரிந்தும், பானெட்டைத் தூக்கி வைக்கிறோம். பின்னிருக்கையில் படுத்திருப்பவர் அந்தச் சத்தம் கேட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார்.