அலைபேசியைக் கீழே வைக்க முடியாதவன்

ஆனைக்கரையில் பொழுது புலர்வதற்கு முன்பே ஜீப்புகளின் இரைச்சல் கேட்கத் தொடங்கிவிடும். கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறி, வண்டன்மேட்டுப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குக் காயெடுக்க வருவோர் அவற்றில் நெருக்கியடித்து அமர்ந்திருப்பார்கள். அவனுடைய தாய்க்கு ஜீப்பு தேவையில்லை. தோட்டம் நடை தூரத்தில்தான். முதல் நாள் மாலையே கங்காணி சொல்லிவிடுவார்: "நாளைக்கு வாங்க" அல்லது "நாளைக்கு வேண்டாம்." அவ்வளவுதான் பணிநியமனம். அந்தக் கூலியைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் கேட்டவருக்குப் பொழுது சாயுமுன் விடை கிடைத்துவிடுகிறது.

மகன் தமிழில் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்தவன். ஏலமலைத் தொழிலாளப் பெண்களின் வாய்மொழிப் பாடல்கள் அவனது ஆய்வுப்பொருள். அவன் அனுப்பிய விண்ணப்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்றுவரை "வேண்டாம்" என்ற ஒரு சொல்கூட வந்ததில்லை.

ஆய்வில் சேர்ந்த நாள்முதல் விதிகள் அவனுக்கு முன்னால் ஓடிக்கொண்டே இருந்தன. பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியராக முனைவர் பட்டம் கட்டாயம் என்றது 2018-ஆம் ஆண்டின் யுஜிசி ஒழுங்குமுறை. 2021 ஜூலையில் நடைமுறைக்கு வரவேண்டிய அவ்விதி 2023 ஜூலைக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அந்த ஜூலை வந்தபோது, நெட், செட், ஸ்லெட் ஆகியவற்றுள் ஒன்றில் தேர்ச்சியே போதுமான குறைந்தபட்சத் தகுதி என்று திருத்தம் வந்தது. சரி, நெட் எழுதலாம் என்று அமர்ந்தான். 2024 ஜூன் 18-இல் 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதிய அத்தேர்வு மறுநாளே இரத்து செய்யப்பட்டது. தேர்வு எழுதிய களைப்பில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தபோது அலைபேசித் திரையில்தான் அச்செய்தியைப் படித்தான். அதே ஆண்டு மார்ச்சில் தமிழ்நாடு ஆசிரியர் தேர்வு வாரியம் அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளுக்கு 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களை அறிவித்திருந்தது. ஆகஸ்ட் 4-க்குக் குறிக்கப்பட்டிருந்த எழுத்துத்தேர்வும் தள்ளிப்போயிற்று. பின்னர் 2025 பிப்ரவரியில் யுஜிசி-கேர் இதழ்ப் பட்டியலே கைவிடப்பட்டதாக அறிவிப்பு வந்தது. அப்பட்டியலில் இருந்த இதழ்களில்தான் அவனது இரண்டு கட்டுரைகளும் வெளிவந்திருந்தன. விண்ணப்பப் படிவங்கள் மட்டும் அந்தக் கட்டத்தை இன்னும் நீக்கவில்லை.

இவற்றையெல்லாம் அவன் பொறுத்துக்கொண்டான். பொறுக்கமுடியாமற் போனது ஒரே ஓர் இரவுதான்.

ஆய்வேட்டின் இறுதி இயலைத் திருத்துவதற்காக ஒருநாள் மாலை ஆறு மணிக்கு அலைபேசியை அணைத்து, அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு அமர்ந்தான். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் இருபது பக்கங்களை இடையறாது படித்தான். காலையில் திறந்து பார்த்தபோது ஒரு கல்லூரியின் வாட்ஸ்அப் செய்தி இருந்தது. இரவு 9.40-க்கு வந்தது. கௌரவ விரிவுரையாளர் பணிக்கான நேர்காணல், மறுநாள் காலை பத்து மணிக்கு, அசல் சான்றிதழ்களுடன். ஆனைக்கரையிலிருந்து அவ்வூருக்குப் பேருந்தில் ஏழு மணிநேரம். அப்போது மணி ஏழரை.

அன்றிலிருந்து அலைபேசி அவன் கையைவிட்டு இறங்குவதில்லை. குளியலறையின் சன்னல் விளிம்பிலும் அது இருக்கும். செல்லார்கோவில் பக்கம் நடந்தால் கேரளக் கோபுரம் மறைந்து தமிழ்நாட்டுக் கோபுரம் பிடிக்கும் இடைவெளியில் ஓரிரு நிமிடம் சமிக்ஞை இராது. அந்தத் துண்டுப் பாதையை அவன் ஓட்டமும் நடையுமாகக் கடக்கிறான். இளைஞர்கள் திரையிலிருந்து கண்ணெடுப்பதில்லை என்று கருத்தரங்க மேடைகளில் வருந்தும் பேராசிரியர்களுள் சிலரே, நியமனக் குழுவில் அமரும்போது இரவு ஒன்பதரைக்குச் செய்தி அனுப்பச் சொல்கிறார்கள். பக்கத்துக்குப் பக்கம் அவன் கை தானாகத் திரையைத் தடவுகிறது. ஒரு பத்தியை மூன்று முறை படித்தும் முதல் வரி நினைவில் நிற்பதில்லை. தகுதியைப் பெறுவதற்குத் தேவையான கவனத்தை, அத்தகுதிக்கான அழைப்புக்குக் காத்திருப்பதே தின்றுவிடுகிறது.

புற்றடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையம் இருக்கிறது. சிறுவிவசாயியான தாய்மாமனுடன் ஒருமுறை அங்கே போயிருந்தான். வணிகர்கள் கணினிக்கு முன் அமர்ந்து மாதிரிக் காயைக் கையிலெடுத்து, உடைத்து, முகர்ந்து, அதன் பின்னரே விலை கேட்கிறார்கள். விலை திரையில் எல்லோருக்கும் தெரியும்படி ஏறுகிறது. கட்டவில்லையென்றால் காயைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் உடையவருக்கு உரிமை உண்டு. ஐந்து கிலோ பச்சைக்காயை உலர்த்தினால் ஏறத்தாழ ஒரு கிலோ தேறும் அந்தப் பொருளுக்கு இவ்வளவு மரியாதை. தனியார் பல்கலைக்கழகம் ஒன்று அவனிடம் கேட்டது எதிரில் ஆளே இல்லாத நேர்காணலை. திரையில் கேள்வி தோன்றும். இரண்டு நிமிடத்துக்குள் தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டு பதிலைப் பதிவு செய்யவேண்டும். வாய்மொழி மரபைப் பற்றி அவன் ஒரு கண்ணாடித் துண்டிடம் பேசிமுடித்தான். அதை யாரேனும் பார்த்தார்களா என்பது இன்றுவரை தெரியாது.

"சோறு திங்கும்போதாவது அதைக் கீழ வையேன்ப்பா" என்பாள் தாய். அவன் வைப்பான், திரை மேற்பக்கமாக.

சென்ற மாதம் ஓர் இரவு, கேட்காமலேயே அவள் பாடத் தொடங்கினாள். காயெடுப்பின்போது அவளுடைய தாய் பாடிய பாட்டு. அவனது தொகுப்பில் இல்லாதது. பதறிப்போய் அலைபேசியிலேயே பதிவு செய்தான், வேறு கருவி அவனிடம் இல்லை. நான்காவது அடி முடிவதற்குள் அது அதிர்ந்தது. பாட்டு நின்றது.

"பாருப்பா, ஏதாவது வேலை சேதியா இருக்கும்."

பார்த்தான். ரீசார்ஜ் காலம் இரண்டு நாளில் முடிகிறது என்றது செய்தி. மிச்சத்தையும் பாடச் சொல்லிக் கேட்டான். தாய் பாயை விரித்துக்கொண்டிருந்தாள். காலையில் வரச் சொல்லிக் கங்காணி சாயங்காலமே தகவல் சொல்லியிருந்தார்.