பக்கத்து வீட்டுக்காரர் இல்லாத படங்கள்

பேய்ப் படம் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடுவேன். தூக்கத்தைக் கெடுப்பவை வேறு வகை. பேயும் கிடையாது, பில்லிசூனியமும் கிடையாது. இரவில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். வெளியே முன்பின் தெரியாத மனிதர்கள். டொராண்டோ புறநகரில் வங்கிக் கடனில் வீடு வாங்கிய பிறகு இந்தப் படங்களின் பயம் இன்னும் கூடிவிட்டது.

இந்த வகைக்கு வயது நூறுக்கு மேல். டி. டபிள்யூ. கிரிஃபித் 1909இல் எடுத்த ‘தி லோன்லி வில்லா’ சில நிமிடங்களே ஓடும் மௌனப் படம். வீட்டில் மனைவியும் பெண் குழந்தைகளும். கதவை உடைக்கும் திருடர்கள். எங்கோ தொலைவில் தொலைபேசியைப் பிடித்தபடி கணவன். பேச்சின் நடுவே கம்பி அறுபடுகிறது. சூத்திரம் தலைப்பிலேயே இருக்கிறது: தனித்த வீடு. கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரப் பக்கத்தில் ஆள் இருக்கக் கூடாது.

மைக்கேல் ஹனகேயின் ‘ஃபன்னி கேம்ஸ்’ (1997) இன்னும் குரூரமானது. ஏரிக்கரை விடுமுறை வீட்டுக்கு வெள்ளைக் கையுறை அணிந்த இளைஞன் வருகிறான். பக்கத்து வீட்டம்மாவுக்கு முட்டை வேண்டுமாம். நம் ஊரில் ஒரு டம்ளர் சர்க்கரை, கொஞ்சம் உறைமோர் கேட்பதைப் போன்ற கைமாற்று. அந்த உரிமையே அவன் உள்ளே நுழையும் சாவி. ‘தி பர்ஜ்’ (2013) படத்தில் ஆண்டுக்கு 12 மணி நேரம் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை இல்லை. நாயகன் தன் தெருவுக்கே பாதுகாப்புக் கருவிகள் விற்றுப் பணக்காரன் ஆனவன். முகமூடிக் கும்பலிடமிருந்து மீட்க வருவதுபோல் வரும் பக்கத்து வீட்டார், ‘எங்கள் காசில் வீட்டைப் பெருக்கிக் கட்டினாயே’ என்ற வயிற்றெரிச்சலில் அவர்களே கொல்ல நிற்கிறார்கள். கடைசியில் அந்தக் குடும்பத்துக்குக் கை கொடுப்பவர், அடைக்கலம் தேடி உள்ளே வந்த கறுப்பின மனிதர்.

இவை வெளியாள் மீதான பயத்தைப் பற்றிய படங்கள் என்பார்கள். பக்கத்தில் மனிதர் இல்லாமல் போன பயமே இவற்றில் பெரிது என்று எனக்குப் படுகிறது.

எங்கள் தெருவில் முன்பக்கம் வேலியே கிடையாது. புல்தரைகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். ஆனால் பாதி வீடுகளின் அழைப்புமணியில் கேமரா. மூன்று ஆண்டுகளுக்கு முன் திருச்சியிலிருந்து வந்திருந்த அப்பா, மே மாதக் குளிருக்கு மங்கி குல்லாவும் மப்ளருமாக மாலை நடை போவார். எந்த வாசலில் டூலிப் பூத்திருந்தாலும் நின்று பார்ப்பார். ஒருநாள் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவர் படம் வந்தது. வீடுகளை நோட்டம் விடும் இந்த ஆளை யாருக்காவது தெரியுமா என்று கேட்டிருந்தார்கள். நான் இத்தனை காலம் பயந்து பயந்து பார்த்த படங்களில் கதவுக்கு வெளியே நிற்கும் ஆளைப் போலவே இருந்தார் அப்பா.

“என் அப்பா” என்று எழுதினேன். உடனே இதயச் சின்னங்கள் வந்து விழுந்தன. படம் போட்டவர் வீடு நாலு வீடு தள்ளித்தான். அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

கொழும்பு நண்பர் ஒருவர் இந்தப் படங்களைப் பார்ப்பதே இல்லை. 1983 ஜூலையில் அவருக்கு எட்டு வயது. வெள்ளவத்தையில் அவர்கள் வீட்டுக்கு வந்த கும்பலின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது.

“உந்தப் படங்களில எல்லாரும் கதவைப் பூட்டிப்போட்டு உள்ளுக்க இருக்கினம். நாங்கள் அப்பிடி இருந்திருந்தால் முடிஞ்சிருப்பம். பின்மதிலால எங்களைத் தூக்கி எடுத்தது பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மாதான். மூண்டு நாள் அவவின்ர அறைக்குள்ள இருந்தனாங்கள்” என்றார். வீடு எரிந்துபோனது. ஆட்கள் பிழைத்தார்கள்.

நான் பார்த்த படங்களில் இல்லாதவர் அந்த அம்மாதான். அவர் வந்துவிட்டால் கதை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பூட்டும் கேமராவும் இரும்புக் கதவும் அவர் இல்லாத இடத்துக்கு நாம் காசு கொடுத்து வாங்குபவை.

அடுத்த கோடையில் அப்பா மறுபடி வருகிறார். நாலு வீடு தள்ளியிருக்கும் அந்த வாசலுக்கு அவரைக் கூட்டிப்போய் மணியடிக்கப் போகிறேன். யார் வந்து திறக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.