பத்து இருபத்தைந்து

இத்தாலியின் பொலோன்யா ரயில் நிலையத்தில் வண்டி மாற இறங்கினேன். பொழுது சாய்ந்திருந்தது. வெளிச்சுவர்க் கடிகாரமோ 10.25 காட்டியது. பழுது பார்க்க ஆளில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். காத்திருப்பு அறைக்குள் போய், பிளந்தபடியே விட்டிருந்த சுவரையும் வயதோடு பொறித்த 85 பெயர்களையும் பார்த்த பிறகுதான் உறைத்தது. 1980 ஆகஸ்ட் 2, சனிக்கிழமை. விடுமுறைக்குக் கிளம்பிய கூட்டம். ஒரு பெட்டிக்குள் இருந்த வெடிகுண்டு.

'வெடித்த கணத்தில் நின்ற கடிகாரம், இன்றும் அப்படியே நிற்கிறது' என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். ஊர் திரும்பி அந்த ஒரு வரியைச் சரிபார்க்கப் போனதில்தான் வந்தது வினை. கடிகாரம் அன்று நின்றது உண்மைதான். ஆனால் சீக்கிரமே பழுது பார்த்து ஓடவிட்டார்கள். 1996-இல் மறுபடி கெட்டபோதுதான் முட்களை 10.25-இல் நிரந்தரமாக நிறுத்தினார்கள். உளவியல் ஆய்வாளர்கள் கேட்டபோது, கடிகாரத்தை அறிந்த 173 பேரில் 160 பேர், அது குண்டுவெடிப்பிலிருந்தே ஓடவில்லை என்று சொன்னார்களாம். அந்த நிலையத்திலேயே வேலை பார்த்தவர்கள்கூட!

மனசு நல்லெண்ணத்தில் செய்த திருத்தம் அது. அரசுக்குள் இருந்தவர்கள் செய்தது வேறு ரகம். 1981 ஜனவரியில் தாரந்தோவிலிருந்து மிலானுக்குப் போகும் ரயிலில், இதே பொலோன்யாவில், வெடிமருந்து நிரப்பிய சூட்கேஸ் ஒன்று 'கிடைத்தது'. விசாரணையை வேறு திசைக்கு இழுத்துப்போக ராணுவ உளவுத்துறை அதிகாரிகளே செய்த ஏற்பாடு. அவர்களோடு பி2 என்ற ரகசிய அமைப்பின் தலைவர் லிச்சோ ஜெல்லியும் இதற்காகத் தண்டனை பெற்றார்.

இறந்தவர்களின் குடும்பத்தார் 1981 ஜூனில் சங்கம் அமைத்தார்கள். தலைவர் தொர்க்வாத்தோ செச்சி, மகனைப் பறிகொடுத்தவர். படுகொலை வழக்குகளில் 'அரசு ரகசியம்' என்று எதையும் மறைக்கக் கூடாது என, மற்ற குண்டுவெடிப்புகளில் உறவுகளை இழந்தவர்களோடு சேர்ந்து, 1984-இல் கையெழுத்துத் திரட்டிச் சட்ட முன்வடிவே கொடுத்தார்கள். கண்ணீரைவிடக் கோப்புகளைக் கேட்டவர்கள் என்பதால்தான் எனக்கு இவர்கள்மேல் மதிப்பு. செச்சி இறந்தது 1996-இல், கடிகாரம் இரண்டாம் முறை கெட்ட அதே ஆண்டு. (இதற்கொரு அர்த்தம் கற்பித்தால் நானும் அந்த 160 பேரோடு சேர்ந்துவிடுவேன்.)

அவருக்குப் பின் தலைமையேற்ற பாவோலோ பொலோன்யேசி நாடாளுமன்றத்துக்கே போனார். விசாரணையைத் திசைதிருப்புவதைத் தனிக் குற்றமாக்கும் சட்டம் 2016-இல் நிறைவேறியது. இதற்கிடையே 2014-இல் பிரதமர் ரென்சி பழைய கோப்புகளைத் திறக்க உத்தரவிட்டார். வந்த தாள்கள் போதாது என்றார்கள் குடும்பத்தார்.

குண்டு வைத்த நவபாசிசவாதிகள் இருவருக்கு ஆயுள் தண்டனை 1995-இலேயே உறுதியாகியிருந்தது. ஏவியது யார் என்பதுதான் மிச்சம். 2022-இல் பாவோலோ பெல்லினி என்பவருக்கு ஆயுள் தண்டனை விதித்த நீதிமன்றம், பின்னாலிருந்தவர்களாக ஜெல்லி உள்ளிட்ட நால்வரைச் சுட்டியது. ஒருவர் உள்துறையின் ரகசியப் பிரிவுக்கே தலைவராக இருந்தவர்.

நால்வரில் ஒருவரும் அப்போது உயிரோடு இல்லை. செச்சியும் இல்லை.