சொற்களைத் தின்னும் அகராதி

ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984' என்னும் புதினத்தைப் படிக்காதவர்களும் அதன் பெயரை அறிவர். அரசு மக்களைக் கண்காணிக்கும் கதை என்ற அளவில் நானும் அறிந்திருந்தேன். சென்ற விடுமுறையில்தான் முதன்முறையாக அதை முழுவதும் படித்தேன்.

ஆர்வெல் 1903-இல் பீகாரிலுள்ள மோதிஹாரியில் பிறந்தவர். பர்மாவில் ஐந்தாண்டுகள் காவல்துறை அதிகாரியாக இருந்து, ஆதிக்கத்தின் இயல்பை நேரில் கண்டவர். காசநோயால் நலிந்த நிலையில், ஸ்காட்லாந்தின் ஜூரா தீவில் இந்நூலை எழுதி முடித்தார். 1949-இல் நூல் வெளிவந்தது. 1950 சனவரியில் அவர் மறைந்தார்.

கதைத்தலைவன் வின்ஸ்டன் ஸ்மித்தின் வேலை, பழைய செய்தித்தாள்களைத் திருத்துவது. ஆட்சியாளர் இன்று சொல்வதற்கேற்ப நேற்றைய செய்தி மாறிவிடும். வீட்டுச் சுவரிலோ, அவனை எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்கும் திரை. இவை அச்சமூட்டின, எனினும் நான் எதிர்பார்த்தவையே. எதிர்பாராதது ஓர் அகராதி.

சைம் என்னும் மொழியறிஞன் 'புதுமொழி'க்கு அகராதி தொகுக்கிறான். நம் அகராதிகள் பதிப்புக்குப் பதிப்பு வளரும், அவனுடையதோ தேயும். 'தீயது' என்ற சொல் எதற்கு? 'நல்லதல்லாதது' போதுமே! 'சிறந்தது', 'உயர்ந்தது' எல்லாம் எதற்கு? 'மிகநல்லது' போதுமே! இப்படி வெட்டிக்கொண்டே போனால், ஆட்சியை எதிர்த்து நினைப்பதற்கே ஒருவனிடம் சொல் இராது. சிறைச்சாலை செய்ய முடியாததை அகராதி செய்து முடிக்கும். அதைத் தொகுத்த சைமும் ஒருநாள் காணாமற் போகிறான். பட்டியலில் அவன் பெயரும் இல்லை.

அந்த இடத்தில் நூலை மூடிவிட்டு நம் பேச்சை எண்ணிப் பார்த்தேன். விடுதிச் சாப்பாடு 'சூப்பர்', பேராசிரியரின் பாடம் 'சூப்பர்', திரைப்படமும் 'சூப்பர்'. சுவையும் தெளிவும் அழகும் ஒன்றுதானா? தூறல், சாரல், அடைமழை என்று என் பாட்டி பிரித்துச் சொல்லும் மழை, நமக்கு வெறும் மழை. பிறமொழிச் சொல் ஒன்று வருவது குறையன்று. அது வந்ததும் நம் சொற்கள் ஐந்து வெளியேறுவதே குறை. அந்நாட்டில் சொற்களை அழிக்க ஓர் அரசு வேண்டியிருந்தது. நமக்குச் சோம்பல் போதும்.

நூலின் இறுதியில் புதுமொழி பற்றிய இணைப்பு ஒன்று உண்டு. அமெரிக்கப் புத்தகக் கழகம் ஒன்று அதை நீக்கச் சொன்னபோது ஆர்வெல் மறுத்துவிட்டார். அவ்விணைப்பு, புதுமொழியை இறந்தகாலத்தில் வைத்து, வழக்கமான ஆங்கிலத்தில் பேசுகிறது. ஆகவே புதுமொழி தோற்றது என்று கொள்வோர் உண்டு. நானும் அவ்வாறே கொள்கிறேன்.

நண்பர்களே, அடுத்த முறை 'சூப்பர்' என்று சொல்ல வாயெடுக்கும்போது, அவ்விடத்துக்கு உரிய தமிழ்ச்சொல் எது என்று ஒரு நொடி எண்ணுவோம். தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நாம் தமிழுக்குச் செய்யக்கூடிய எளிய தொண்டு அது.